லோவெலின் ஞாயிற்றுக்கிழமைகள்

வில்லோ ஃபோர்க், தெற்கு டகோட்டா
1969 பிப்ரவரி 19

திருமதி ஆர்டிஸ் தோர்சன் அவர்களுக்கு,

இருபது வருஷத்தில் உன்னை இப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது நீ ஆள்சேர்ப்புக் குழுவில் உறுப்பினர். நான் உன் மேசைக்கு முன்னால் வந்து நின்ற ஒரு பையனின் அம்மா. அதனால் மரியாதையோடு ஆரம்பிக்கிறேன். கடைசி வரைக்கும் தாங்குமா என்று தெரியவில்லை.

போன வருஷம் குழுவில் பெண்களும் உட்காரலாம் என்று உன்னைப் போட்டபோது, சர்ச் காபி வேளையில் எல்லோருக்கும் முன்னால் கைதட்டியவள் நான்தான். இந்த வட்டாரத்தில் யாருடைய பிள்ளை வியட்நாமுக்குப் போகிறான், யாருடையவன் போகவில்லை என்று முடிவு செய்கிற இடத்தில், பிள்ளை பெற்ற ஒருத்தி இருக்கிறாளே என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்தாம் தேதி விசாரணை முடிந்து வந்த லோவெல், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்பு ஓரம் நின்று சொன்னான்.

"தலைவர் கேட்டாரும்மா, உங்கம்மாவை ஒருத்தன் அடிக்க வந்தா கையைக் கட்டிக்கிட்டு நிப்பியான்னு."

"நீ என்னடா சொன்னே?"

"எங்கம்மாவை அடிக்க வர்றவன்தான் பாவம், அவனுக்காகத்தான் நான் ஜெபம் பண்ணணும்னேன்."

ஐந்து பேரும் சிரித்தீர்களாம். நீயும் சிரித்தாயாம். அப்புறம் தலைவர் கேட்டாராம்: "இந்த பக்தியெல்லாம் சண்டை வந்த பிறகு வந்த பக்தியா தம்பி?" அவன் உன்னைப் பார்த்தானாம். நீ பென்சில் சீவிக்கொண்டிருந்தாயாம்.

நேற்று கடிதம் வந்தது. ஆயுதம் எடுக்க மனசாட்சி இடம் தரவில்லை என்று அவன் கொடுத்த மனு தள்ளுபடி. வாக்கு ஐந்துக்குப் பூஜ்யம்.

ஆர்டிஸ், நான் சண்டை போட எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். மேல்முறையீட்டுக் குழு ஆளைக் கூப்பிட்டுக் கேட்காது, கோப்பில் இருப்பதை மட்டும் பார்க்கும் என்கிறார்கள். அவன் கோப்பில் மூன்று தாள்கள்தான் இருக்கின்றன. அம்மாவின் சாட்சிக்கு மதிப்பில்லை. பழைய போதகர் இறந்துவிட்டார். புதியவருக்கு அவனை முகம்கூடச் சரியாகத் தெரியாது. உன்னிடம் ஓய்வுநாள் பள்ளியின் வருகைப் பதிவேடு இருக்கிறது. ஆறு வயதிலிருந்து பதினேழு வரைக்கும் பதினோரு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தவன் அவன். நீ பெயர் வாசித்தால் கடைசி பெஞ்சிலிருந்து "வந்திருக்கேன் டீச்சர்!" என்று சர்ச்சே அதிரக் கத்துவானே, மறந்துவிட்டாயா? அந்தப் பனிப்புயல் வருஷம் அவன் அப்பா ஓர்வில் அவனை டிராக்டரில் கூட்டி வந்தபோது உள்ளே இருந்தது நீங்கள் மூன்று பேர்தான்.

அந்தப் பதிவேட்டைக் கோப்பில் வை. மார்ச் இருபதுக்குள்.

லவோன் ப்ரெக்கே


1969 பிப்ரவரி 25

கர்த்தருக்குள் அன்பான லவோனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நம் இரண்டு வீட்டுத் தபால் பெட்டிகளும் ஒரே கம்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நீயோ தபால்தலை ஒட்டி ஊருக்கு அனுப்பி, அது நாற்பது மைல் சுற்றிவிட்டு என்னிடம் வந்திருக்கிறது. ஆனால் நானும் அப்படியே அனுப்புகிறேன். கையில் கொடுக்கும் தைரியம் எனக்கும் இல்லை.

நீ நினைப்பது போல அது எளிதான நாற்காலி அல்ல. ஒவ்வொரு மாதமும் மேலிடத்திலிருந்து ஒரு எண் வருகிறது. ஏப்ரலுக்கு நான்கு. ஒருவனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, வரிசையில் அடுத்தவன் போக வேண்டும். எந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்லட்டும்? பாரபட்சம் காட்டமாட்டேன் என்று வேதத்தின் மேல் கை வைத்துச் சொல்லித்தான் உட்கார்ந்தேன். நெருங்கிய சிநேகிதியின் மகன் என்பதாலேயே நான் இரண்டு மடங்கு கண்டிப்பாக இருக்க வேண்டியிருந்தது.

லோவெல் ஆறு மாதமாகச் சபைக்கு வருவதில்லை என்பதையும் நீ எழுதவில்லை.

என் மகன் டேரல் ஆகஸ்டிலிருந்து வியட்நாமில் இருக்கிறான். அவனுக்காக நான் யாரிடமும் போய் நிற்கவில்லை.

பதிவேட்டைப் பற்றி: சர்ச்சின் நிலவறையில் போன வசந்தத்தில் தண்ணீர் புகுந்தபோது பல பெட்டிகளை இடம் மாற்றினோம். அது எதில் போயிற்று என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கிறேன். உங்கள் மூவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன்.

ஆர்டிஸ்


1969 மார்ச் 3

ஆர்டிஸ்,

மரியாதை ஒரு கடிதத்துக்கு மேல் தாங்கவில்லை.

உன் வீட்டுக் கோழி 1952இல் எந்த மாதம் எத்தனை முட்டை இட்டது என்று இன்றைக்குக் கேட்டாலும் எடுத்துச் சொல்வாய். என் கல்யாணத்துக்கு யார் என்ன பாத்திரம் கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியாது, உன் நோட்டில் இருக்கிறது. நீ ஒரு பதிவேட்டைத் தொலைத்துவிட்டாயா? அதைக் கேட்டு ஓர்வில் இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். "அந்தம்மா மூக்குக்கண்ணாடிய வேணா தொலைக்கும், நோட்டைத் தொலைக்காது" என்கிறார்.

ஆறு மாதமாக அவன் சபைக்கு வராததற்குக் காரணம் உனக்குத் தெரியும். செப்டம்பரில் புதிய போதகர் நம் பையன்களின் வெற்றிக்காக ஜெபிப்போம் என்றபோது இவன் எழுந்து, "எதிர்ப்பக்கத்துப் பையங்களுக்கு யாரு ஜெபம் பண்ணுவாங்க?" என்று கேட்டான். பெஞ்சு பெஞ்சாகத் திரும்பிப் பார்த்தார்கள். நீயும்தான். அதன் பிறகு யார் அவனுக்கு இடம் தள்ளி உட்கார்ந்தீர்கள்?

பதிவேட்டில் குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று இருக்கும், பிள்ளைகள் கேட்கிற கேள்விகளை அதில் எழுதி வைப்பாய். இயேசுவைப் பிடிக்க வந்தவர்களில் ஒரு வேலைக்காரனின் காதைப் பேதுரு வெட்டிய பாடம் நடத்திய அன்று லோவெல் ஒன்று கேட்டான் என்று நீயே என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாய். அவனுக்கு ஒன்பது வயது. சண்டைக்குப் பின்னால் வந்த பக்தியா, முன்னால் வந்த பக்தியா என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள். தேடு.

லவோன்


1969 மே 14

ஆர்டிஸ்,

நீ தேடியது போதும். மேல்முறையீடும் தள்ளுபடி. கோப்பில் இருந்தது அதே மூன்று தாள்கள். ஜூன் பத்தாம் தேதி ராணுவப் பயிற்சி முகாமுக்குப் பஸ்.

கனடாவில், மானிட்டோபாவில் ஓர்வில்லின் தம்பி இருக்கிறார். எல்லை தாண்டினால் ஒருவரும் தொடமாட்டார்கள். நேற்று பெட்டி எடுத்து வைத்தேன். இவன் ஒவ்வொரு துணியாகத் திரும்ப வெளியே எடுத்தான்.

"நான் போகலைன்னா அடுத்த பேரு யாரும்மா?"

"எனக்கென்னடா தெரியும்."

"நைகார்டு வீட்டு மூத்தவன். அவனுக்கும் அம்மா இருக்காங்க."

"அவன் அம்மா உன்னைப் பத்தி இப்படி யோசிப்பாளாடா?"

"யோசிக்கமாட்டாங்க. அவங்க நம்ம டீச்சர்கிட்ட ஓய்வுநாள் பள்ளியில பாடம் படிக்கலையே."

இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், ஆர்டிஸ். உன் பாடத்தை உன்னைவிட அதிகமாக நம்பியவன் இவன் ஒருத்தன்தான்.

இனி எனக்கு எழுதாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இடது பக்கப் பெஞ்சுக்கு மாறிக்கொள்கிறேன்.

லவோன்


1969 செப்டம்பர் 7

லவோன்,

எழுதாதே என்றாய். நான்கு மாதம் கீழ்ப்படிந்தேன். இன்று முடியவில்லை.

டேரல் வந்துவிட்டான். கை கால் எல்லாம் இருக்கிறது. இடது காது மட்டும் சரியாகக் கேட்கவில்லை. வந்த அன்று வாசலில் பையை வைத்துவிட்டு முதலில் கேட்டது, "லோவெல் எங்கேம்மா? வயல்ல ஆளைக் காணோம்?" என்றுதான். அவன் அப்பா எல்மர் தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அவனைப் பத்தி எழுதுன என் லெட்டர் வந்துச்சா?"

"வந்தது."

"எப்ப வந்துச்சு?"

ஜனவரி இருபத்தெட்டு. கிடைத்த தேதியை உறையின் மேல் எழுதி வைப்பது என் வழக்கம். பொய் சொல்லவும் வழியில்லை.

அந்தக் கடிதத்தில் இருந்ததை அப்படியே உனக்கு எழுதுகிறேன்: "அம்மா, லோவெல் பேரு உங்க மேசைக்கு வந்தா தயவுசெஞ்சு இங்க அனுப்பிடாதீங்க. அவன மாதிரி ரெண்டு பேர இங்க பாத்துட்டேன். சுடவும் மாட்டானுங்க, ஓடவும் மாட்டானுங்க. நடுவுல நிப்பானுங்க. அப்புறம் ஒருநாள் சுட்டுருவானுங்க, அதுக்கப்புறம் அவனுங்களப் பாக்க முடியல. அவன ஆஸ்பத்திரி வேலைக்கு எங்கயாவது போட்டுருங்கம்மா."

விசாரணைக்குப் பதின்மூன்று நாட்களுக்கு முன் இதைப் படித்தேன். மடித்து வேதாகமத்துக்குள் வைத்தேன். பிறகு போய் என் கையைத் தூக்கினேன்.

ஏன் என்று கேட்பாய். பாரபட்சம், வரிசை, மேலிடத்து எண் என்று உனக்கு எழுதியதெல்லாம் உண்மைதான், ஆனால் காரணம் அதல்ல. என் மகன் அங்கே சேற்றில் படுத்துக் கிடக்கிறான், மனு ஏற்கப்பட்டால் உன் மகன் ஏதோ ஆஸ்பத்திரியில் படுக்கை விரித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவான். அதை நான் பின் பெஞ்சிலிருந்து பார்க்க வேண்டும். என்னால் அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவ்வளவுதான் லவோன். இதற்கு மேல் உயரமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. பென்சில் சீவியபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவேடு தொலையவில்லை. மாவு டப்பாவுக்கு மேல் அலமாரியில் இருந்தது. இருபதாம் தேதி வரைக்கும் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டே ரொட்டி பிசைந்தேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். லோவெல் போனதால் நைகார்டு வீட்டு மூத்தவன் தப்பவில்லை. அவனுக்கு அடுத்த மாதமே ஆணை போயிற்று. அந்தப் பட்டியலிலும் என் கையெழுத்து இருக்கிறது.

டேரல் என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். "அப்பா, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்கிறான்.

பதிவேட்டை இத்துடன் அனுப்புகிறேன். லோவெல் இன்னும் பயிற்சி முகாமில்தானே இருக்கிறான்? அங்கேயும் ஒரு மனு கொடுக்கலாம் என்கிறான் டேரல்.

ஆர்டிஸ்


1969 செப்டம்பர் 10

ஆர்டிஸ்,

படித்தேன். இரண்டு தடவை. ஓர்வில்லிடம் காட்டவில்லை. அவர் மனது இதைத் தாங்காது.

லோவெல் போன் போட்டபோது சொன்னேன். முகாமில் வரிசையில் நின்று பேசினான். "அங்க மனு குடுத்தப்ப அஞ்சு பேரும் எனக்குத் தெரிஞ்சவங்க. இங்க யாரையும் தெரியாது. தெரிஞ்சவங்களே நம்பலன்னா இவங்க எதுக்கும்மா நம்பணும்?" என்றான். பிறகு பின்னால் நிற்பவன் அவசரப்படுத்துகிறான் என்று வைத்துவிட்டான்.

பதிவேட்டைத் திருப்பி அனுப்புகிறேன். மார்ச்சில் அது ஒரு சாட்சி. இப்போது அது ஒரு பழைய நோட்டு. மாவு டப்பாவுக்கு மேலேயே வை. பார்த்துக்கொண்டே பிசை.

லவோன்


1971 பிப்ரவரி 2

லவோன்,

லோவெல் ஜனவரியில் வியட்நாமிலிருந்து வந்துவிட்டான் என்று கடையில் சொன்னார்கள். விடிகாலையில் உங்கள் தொழுவத்தில் விளக்கு எரிவதை என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எழுத எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

குழுவிலிருந்து விலகப் போகிறேன். விலகல் கடிதம் எழுதி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். பிப்ரவரிக் கூட்டத்துக்கு முன் கொடுத்துவிடுவேன். இந்தக் கை இனி எதற்கும் உயர வேண்டாம்.

பதிவேட்டை இந்த முறை உனக்கு அனுப்பவில்லை. லோவெல் பெயருக்கு அனுப்புகிறேன். அதில் இருப்பது அவனுடைய ஞாயிற்றுக்கிழமைகள். அவன் என்ன செய்தாலும் சரி, அடுப்பில் போட்டாலும் சரி.

ஆர்டிஸ்


1971 மார்ச் 9

ஆர்டிஸ்,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. கோபத்தில் அல்ல. அவனைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு முழு வேலையாக இருக்கிறது.

வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறான். மாடுகளோடு இருப்பான். மனிதர்கள் நான்கு பேர் சேர்ந்தால் எழுந்து போய்விடுவான். சாப்பிடும்போது முதுகு சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும். அங்கே என்ன நடந்தது என்று ஓர்வில் கேட்டதற்கு, "டேரல் சொன்ன மாதிரிதான்ப்பா" என்றான். நீ எழுதியதை நான் ஒருவரிடமும் காட்டவில்லையே. டேரலே அவனுக்கும் எழுதியிருக்கிறான். ஒருநாள் சுட்டுவிடுவான் என்று டேரல் சொன்ன அந்த ஒருநாள் இவனுக்கும் வந்திருக்கிறது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

உன் பொட்டலம் வந்த அன்று பதிவேட்டைத் தொழுவத்துக்கே கொண்டுபோய்ப் படித்தான். பால் வாளி நிறைந்து வழிந்தது, கவனிக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டி, உன் கையெழுத்தை வாசித்தான்: "1957 மார்ச் 31. பேதுரு மல்குஸின் காதை வெட்டியது, இயேசு தொட்டுச் சுகமாக்கியது. லோவெல் கேட்டது: இயேசு பக்கத்தில் இல்லாத நேரத்தில் வெட்டினால் அந்தக் காதை யார் ஒட்டுவார்கள்?"

"டீச்சர் என்ன பதில் சொன்னாங்கன்னு எழுதலையேம்மா."

"என்ன சொன்னா?"

"மணி அடிச்சிருச்சுன்னாங்க."

அப்புறம் ஒரு பென்சில் கேட்டான். கடைசிப் பக்கத்தில் கோடு போட்டுக் கட்டம் கட்டினான், நீ போடுவது போலவே. தன் பெயரை எழுதினான். ஐம்பத்திரண்டு ஞாயிறு. ஒவ்வொன்றிலும் வரவில்லை, வரவில்லை, வரவில்லை என்று எழுதிக்கொண்டே போனான். அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து, "லீவு லெட்டர் குடுத்தியாடா?" என்றேன்.

"குடுத்தேம்மா. மூணு தாள் குடுத்தேன். அவங்க வாங்கிக்கல."

ஆர்டிஸ், நீ விலகக் கூடாது. நன்றாகக் கேட்டுக்கொள், இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. விலகினால் உனக்கு இலேசாகிவிடும். எனக்கு ஆகாது, அவனுக்கும் ஆகாது. நீ அங்கேயே உட்காரு. சுமந்துகொண்டு உட்காரு.

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி நைகார்டு வீட்டு இளையவன் ஐவர் உங்கள் முன்னால் வருகிறான். பிறந்தநாளை வைத்து நடக்கிற ஆள்சேர்ப்புக் குலுக்கலில் அவன் எண் இருபத்தொன்று, சீக்கிரமே கூப்பிடுவார்கள். அண்ணன் ராணுவத்துக்குப் போன பிறகு இவனும் லோவெல் மாதிரியே மனு கொடுத்திருக்கிறான். சாட்சி கிடையாது, பேசவும் வராது, திக்குவாய். அவன் ஞாயிறுகளும் அதே பதிவேட்டில் இருக்கின்றன. நானும் லோவெலும் எண்ணிப் பார்த்தோம்.

லோவெல்தான் சொன்னான், "டீச்சருக்கே திருப்பிக் குடுத்துரும்மா, அவங்களுக்கு வேலை இருக்கு" என்று. இந்த முறை தபால்தலை ஒட்டவில்லை. உன் பெட்டியில் நானே வைக்கிறேன்.

லவோன்


1971 ஏப்ரல் 13, செவ்வாய்

லவோன்,

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

தலைவர் ஐவரிடம் அதே கேள்வியைக் கேட்டார். "உங்கம்மாவை ஒருத்தன் அடிக்க வந்தா?" அவனுக்கு முதல் எழுத்தே வரவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்வி: "இந்த பக்தி எப்பலேருந்து தம்பி?"

நான் எழுந்து பதிவேட்டை மேசையில் விரித்து வைத்தேன். "இதுலேருந்து" என்றேன். ஐவருடைய எட்டு வருஷத்தையும் ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். தலைவர் புரட்டிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

"இது என்னம்மா, ஒரு வருஷம் பூரா வரலைன்னு போட்டிருக்கு?"

"அது நாம அனுப்பின வருஷம்" என்றேன்.

இந்தக் கேள்வியை இரண்டு வருஷத்துக்கு முன் அவர் லோவெலிடம் கேட்டபோது இந்த நோட்டு என் வீட்டு அலமாரியில் இருந்தது என்றும், அதை நான் வேண்டுமென்றே கொண்டுவரவில்லை என்றும் அவர்கள் முன் சொன்னேன். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

வாக்கு நான்குக்கு ஒன்று. ஐவர் தோற்றான். அந்த ஒன்று நான். ஆனால் பதிவேட்டை அவன் கோப்பில் வைத்து, சாட்சிப் பொருள் என்று முத்திரை குத்தச் சொல்லி, அது பதிந்ததைப் பார்த்த பிறகே எழுந்தேன். மேல்முறையீட்டுக்கு அது கூடவே போகும். நான் அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன்.

நீ எனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அல்லது உனக்கும் தெரியாதோ என்னவோ. கதவைத் திறந்து வெளியே வந்தால், நடைக்கூடத்து பெஞ்சில் லோவெல் உட்கார்ந்திருந்தான், முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு. சாட்சி சொல்ல வந்திருக்கிறான். உள்ளே விடமாட்டோம் என்று எழுத்தர் சொல்லிவிட்டாராம். போகவில்லை. இரண்டு மணி நேரம், அத்தனை பேர் போய் வருகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் டேரல், கேட்கிற காதை இவன் பக்கம் திருப்பிக்கொண்டு.

எவ்வளவோ சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் பெயர் மட்டும்தான் வந்தது. "லோவெல்" என்றேன், வகுப்பில் வாசிப்பது போல.

எழுந்து நின்றான். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னான்.

"வந்திருக்கேன் டீச்சர்."

டேரல் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். "வாங்கம்மா, வண்டி வெளிய நிக்குது" என்றான். என்னிடம் நேராகச் சொன்னான்.

நான் அந்த வருகையைக் குறித்து வைக்க வேண்டும். பதிவேடோ கோப்புக்குள் போய்விட்டது, இனி அது என்னிடம் வராது. அதனால் இங்கேயே எழுதுகிறேன், நீ பத்திரமாக வைத்துக்கொள்:

1971 ஏப்ரல் 13. லோவெல் ப்ரெக்கே — வந்திருந்தான்.

ஆர்டிஸ்